இறங்கி வந்து சேர்ந்த நேரம்

அன்னம் சஸ்பென்ஷன் சந்தையிலிருந்து மறைந்துபோனதற்குக் காரணம், அதன் புது மாடலைச் சோதித்துப் பார்க்க மலையுச்சியிலிருந்து கிளம்பிய கிருபாகரன் இன்னும் கீழே வந்து சேராததுதான். வேறு காரணங்களும் சொல்கிறார்கள். வெளிநாட்டுச் சரக்கு வந்து இறங்கியது என்கிறார்கள், முதலாளிக்கு வாரிசு இல்லை என்கிறார்கள். அவருக்கு மூன்று பெண்கள். நான் அங்கே தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். அந்தச் சோதனையின் படிவம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

நாங்கள் செய்தது மலைச் சைக்கிளுக்கான ஃபோர்க். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் குழாய்கள், உள்ளே ஆயிலும் காற்றும். கல்லில் ஏறினாலும் பள்ளத்தில் விழுந்தாலும் குலுக்கலை அது வாங்கிக்கொள்ளும், கைக்குத் தெரியாது. கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு பட்டறைகளுக்கு நடுவே எங்களுடையதும் ஒன்று. நாற்பது பேர் வேலை செய்தோம்.

ஒவ்வொரு மாடலையும் கிருபாகரன்தான் ஓட்டிப் பார்ப்பார். மேட்டுப்பாளையம் தாண்டி ஒரு எஸ்டேட் பாதை, நாலு கிலோமீட்டர் இறக்கம். அவர் மேலேயிருந்து கிளம்புவார். அடிவாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கடிகாரத்தோடு நான் உட்கார்ந்திருப்பேன். பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிடுவார். சட்டைக் காலரில் ஒட்டிய இலையை எடுத்துப்போட்டு, "எழுதிக்கங்க வாணி" என்பார். பிறகு இருவரும் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிடுவோம். ஆறு வருடம் இப்படி நடந்தது.

அந்தப் புதன்கிழமை காலை ஒன்பது பத்துக்குக் கிளம்புவதாக ஃபோனில் சொன்னார். மதியம் ஒன்றரைக்கு மறுபடி கூப்பிட்டார்.

"ஃபோர்க் ரொம்ப நல்லாருக்குங்க வாணி. ஒரு குலுக்கலும் தெரியல."

"எங்க இருக்கீங்க?"

"இறங்கிட்டேதான் இருக்கேன்."

சாயங்காலம் ஃபோர்க்கை வடிவமைத்த எஞ்சினியர் வந்து, தன் வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். இந்த மாடல் குலுக்கலோடு சேர்த்துத் தூரத்தையும் வாங்கிக்கொள்கிறது. ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் பாதையில் ஒரு எள்ளளவுதான் குறையும். மீதியெல்லாம் குழாய்க்குள் போய்விடும். சற்றுப் பெருமையாகவே சொன்னார்.

வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்துவிடலாமே என்று கிருபாகரனிடம் கேட்டேன்.

"வந்த தூரமெல்லாம் இதுக்குள்ளதாங்க இருக்கு. இதை விட்டா நான் மேலயே நிப்பேன்."

பசியையும் ஃபோர்க்கே வாங்கிக்கொண்டது. அவருடைய ஃபோனில் சார்ஜ் அறுபத்தொன்றிலேயே நின்றது. ஆகவே அவருக்குக் குறையென்று எதுவும் இல்லை.

இரண்டாவது மாதம் நானே மேலே நடந்து போனேன். வழியில் சில்வர் ஓக் மரங்கள் இருந்தன, இரண்டு கருங்குரங்குகள் இருந்தன, அவர் இல்லை. உச்சியைத் தொட்டதும் ஃபோன் அடித்தது.

"இப்பத்தான் என்னைத் தாண்டிப் போனீங்க. பச்சைச் சுடிதார். கையில தூக்குப்போசி."

"கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டேங்க. 'வா' சொல்றப்ப பக்கத்துல இருந்தீங்க. 'ணி' சொல்றதுக்குள்ள ரொம்பத் தூரமாயிட்டீங்க."

தூக்குப்போசியில் கொண்டுபோன தக்காளிச் சாதத்தை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். இறங்கும்போது பாதையின் ஓரமாக, ஒரு வண்டிக்கு இடம்விட்டு, மெதுவாக நடந்தேன்.

அன்னத்தில் ஒரு விதி உண்டு. படிவத்தின் கடைசிக் கட்டம் 'இறங்கி வந்து சேர்ந்த நேரம்'. அது நிரம்பாமல் அந்த மாடலில் ஒரு பெட்டியும் கிடங்கைவிட்டுப் போகாது. பழைய மாடல் தீர்ந்தது. கடைக்காரர்கள் ஒரு வருடம் கேட்டுப் பார்த்தார்கள், பிறகு வேறு கம்பெனியின் பெயரில் பலகை மாட்டிக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகப் பம்பு பட்டறைகளுக்குப் போனார்கள். போகும்போது, "கிருபாவைக் கேட்டதாச் சொல்லுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் வருடம் முதலாளி சென்னியப்பன் அடிவாரத்துக்கு வந்தார். என் பக்கத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து வெகுநேரம் மலையைப் பார்த்தார்.

"ஏனம்மிணி, அந்தக் கட்டத்துல ஒன்பது இருபத்திரண்டுன்னு எழுதிப்போட்டா என்ன? மிச்சமிருக்கற பதினோரு பேரு வேலையாச்சும் நிக்கும்."

அவர் கேட்டது தவறென்று எனக்குத் தோன்றவில்லை. பேனாவைத் திறந்தேன். கட்டம் சிறியது. ஒருமுறை எழுதத்தான் இடம்.

"எழுதிடறேனுங்க. அப்பறம் அவரு வந்தா எங்கீங்க எழுதறது?"

அவர் யோசித்தார். குன்னூர் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. "அதுவுஞ் சரிதான்" என்று சொல்லி, என் மடியிலிருந்த மூடியை எடுத்து அவரே பேனாவை மூடினார். அடுத்த வாரம் பட்டறையைப் பூட்டிவிட்டார். அந்தப் பதினோரு பேரில் ஒருவர் உழவர் சந்தையில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் செய்தது நியாயம்தான்.

பூட்டிய அன்றே கிருபாகரனிடம் சொன்னேன்.

"என்னாலதான் எல்லாருக்கும் கஷ்டம்," என்றார்.

"உங்களால இல்லீங்க. எழுதாதது நான்."

ஃபோனில் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது.

"வாணி, கீழ வந்து நேர்ல கேக்கலாம்னு வெச்சிருந்தேன். இப்பத்திக்கு ஆகாது போலிருக்கு. என்னைக் கட்டிக்கிறீங்களா?"

"சரிங்க," என்றேன். "எத்தனை நாளா வெச்சிருந்தீங்க?"

"மூணு மாடலுக்கு முன்னாடியிருந்து."

பதிவு அலுவலகத்தில், மணமகனின் தற்போதைய முகவரி என்ற இடத்தில் 'இறக்கத்தில்' என்று எழுதினேன். எந்த இறக்கம் என்று மட்டும் குமாஸ்தா கேட்டுச் சேர்த்துக்கொண்டார். கிருபாகரனின் கையெழுத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

அது நடந்து எட்டு வருடம் ஆகிறது. நான் இப்போது அடிவாரத்துப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். பள்ளி விட்டதும் நாற்காலிக்கு வந்துவிடுவேன். பனி இறங்கும் நாட்களில் பாதை பத்தடிக்கு மேல் தெரியாது. அவர் பதினோராவது அடியில் இருப்பதாக நினைத்துக்கொள்ள அப்போது சுலபமாக இருக்கும். அவருக்கு ஒரு நரைகூட விழவில்லையாம். எனக்கு விழுந்திருக்கிறது என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டார். இடது பக்கம், காதுக்கு மேலே என்றேன். சரி என்று மனதில் குறித்துக்கொண்டார்.

போன வியாழக்கிழமை அவருடைய முன்சக்கரத்தின் தடம் வந்து சேர்ந்தது. சக்கரம் வரவில்லை, தடம் மட்டும். மண்ணில் தானாகப் பதிந்தபடி கடைசி வளைவைத் தாண்டி, என் காலருகே வந்து நின்றது. டயரின் பூ அச்சை வைத்து அடையாளம் தெரிந்தது. ஃபோனில் அவரிடம் சொன்னேன்.

"அதுக்குள்ள வந்துடுச்சா? அதுக்கு எப்பவும் அவசரம்தான்," என்றார்.

தூறல் ஆரம்பித்திருந்தது, நனைந்தால் அழிந்துவிடும். துப்பட்டாவை விரித்துத் தடத்தின் மேலே பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தேன். அதுவும் என் வேகத்துக்கு, என் பக்கத்திலேயே பதிந்துகொண்டு வந்தது. எங்கள் வீட்டு வாசலில் ஒரு படி உண்டு. அங்கே வந்ததும் தயங்கி நின்றது. உள்ளே போய் ஒரு பலகையை எடுத்துவந்து சாய்த்து வைத்தேன். ஏறி வந்தது.