சுருளியம்மாள் பேரில் ஒரு காடு

ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடக்கிற நாளில் கூலியை விட்டுவிட்டுச் சுருளியம்மாள் போடிக்கு இறங்கியதற்குக் காரணம், வனத்துறையிலிருந்து வந்த ஒரு நோட்டீசு. எழுதப் படிக்கத் தெரியாதவள். அதை மடியில் செருகிக்கொண்டு குரங்கணியில் ஜீப்பு ஏறி, தாலுகா ஆபீசுக்குப் போனாள். எழுத்தர் பானுப்பிரியா வாசித்துச் சொன்னாள்.

"உங்க நெலத்துல ஒம்போது தோதகத்தி மரத்த, அதான் ஈட்டி மரத்த, அனுமதியில்லாம வெட்டிட்டீங்கன்னு கேசு, ஆத்தா."

"என் நெலமா? குடிசை போட்ட எடத்தவிட்டா எனக்கு ஒரு சாண் கெடையாதே, தாயி."

பானுப்பிரியா கம்ப்யூட்டரில் தேடினாள். "மலைக்குடி பளியருக்குன்னு சர்க்காரு குடுத்த நெலம். நாலு ஏக்கரு. உங்க அப்பா மலைச்சாமி பேர்லருந்து உங்க பேருக்கு மாறிருக்கு. வெளியாளுக யாரும் இத வாங்க முடியாது." எல்லையையும் படித்தாள். கிழக்கே ஓடை, மேற்கே இரட்டைப் பாறை.

இரட்டைப் பாறையடியில்தான் தினமும் சுருளியம்மாள் கஞ்சி குடிப்பாள். அது முதலாளி யோகராஜின் ஏலக்காய்த் தோட்டம்; அங்கே மரம் வெட்டியதும் யோகராஜின் ஆட்கள்தான். பதினாலு வருசமாக அதில் கூலிக்குக் காய் எடுக்கிறாள். அப்பா செத்த வருசம், ரேசன் கார்டுக்கு என்று சொல்லி யோகராஜ் அவளைக் காரில் கூட்டிவந்து கைநாட்டு வாங்கியது எதற்கென்று இப்போதுதான் உறைத்தது.

திரும்பும்போது ஜீப்பில் யார் பேசியதும் அவள் காதில் ஏறவில்லை. நேரே தோட்டத்துக்கு நடந்தாள்.

"என்ன ஆத்தா, இப்பத்தான் வர்றியா? வெரசா கூடைய எடு" என்றான் மேஸ்திரி ராமர்.

"இந்தக் காடு என் பேர்ல இருக்காம்ல."

அவன் திடுக்கிடுவான் என்று நினைத்தாள். சிரித்தான். "பேருதான உன்னுது? அது எங்க எல்லாருக்கும் தெரியுமே. நோட்டீசக் கொண்டா, மொதலாளி பாத்துக்கிருவாரு."

சுருளியம்மாள் மடியிலிருந்த நோட்டீசை இறுகப் பிடித்துக்கொண்டாள். எல்லாருக்குமா? ராமர் கையை நீட்டியபடியே நின்றான்.

"தரமாட்டேன். கேசு என் பேர்லதான? நானே பாத்துக்கிறேன்."

சாயங்காலம் குடியிருப்பில் சொன்னபோது பக்கத்துக் குடிசை மொக்கச்சாமி எழுந்து வந்தான். "அக்கா, எங்கிட்டயும் ரேசன் கார்டுக்குன்னுதான் கைநாட்டு வாங்குனாரு."

மறுநாள் தோட்டத்துச் சோலிக்கு ஒருத்தரும் போகவில்லை. பதினோரு பேர் ஒரே ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிக்கு இறங்கினார்கள். பானுப்பிரியா ஒவ்வொரு பெயராகத் தட்டிப் பார்த்தாள். ஏழாவது பெயருக்கும் நிலம் இருந்தது; எல்லையைப் படித்தால் அதுவும் யோகராஜின் தோட்டத்துக்குள்தான்.

"இருங்க, தாசில்தார்ட்ட சொல்லிட்டு வர்றேன்" என்று எழுந்து ஓடினாள்.