மூக்குக்காக அழுதவர்

தேயிலை ருசி பார்க்கிற வேலையில் நாக்குக்குக் கால் பங்குதான், மிச்சம் முழுக்க மூக்குக்கு என்று வரதராசா புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லுவார். அப்படிச் சொன்ன மனிதருக்கே மூக்கு செத்துப்போனது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதக் கடைசியில் கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்தபோது, அவர் வேலைசெய்த தேயிலைத் தரகர் கந்தோர் அதற்குக் கிட்டத்தான் இருந்தது. யன்னல் கண்ணாடி முழுவதும் உள்ளே வந்து கொட்டியது. வரதராசாவைத் தூக்கி எறிந்ததில் பின்மண்டை சுவரில் அடிபட்டது. அவருக்குப் பக்கத்தில் நின்று கோப்பைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த அழகுமுத்து பிறகு எழும்பவேயில்லை. தெமட்டகொடையிலிருந்து பஸ்ஸில் வந்து, கேத்தில் கொதிக்கிறதுக்கு முன்னமே ஒரு பாட்டை முணுமுணுக்கத் தொடங்குகிற மனிதன். மனைவி மயிலம்மாவும் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளும் அவனுக்கு இருந்தார்கள். வரதராசா ஆஸ்பத்திரியில் கிடந்ததால் செத்தவீட்டுக்குப் போகவில்லை. சுகமாகி வந்த பிறகும் போகவில்லை. கால் வரவில்லை.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் அவருடைய வீடு. மனைவி சரோஜினிதேவி பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். கணவருக்கு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவந்தது ஒரு மத்தியானச் சாப்பாட்டில்தான். முதல் நாள் வைத்த சொதி புளித்துப் பொங்கியிருந்ததைக் கவனிக்காமல் மேசையில் வைத்துவிட்டாள். வரதராசா அதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது, பழுதாப்போச்சு! கறி கிட்டக் கொண்டுவரவே நாறுதே. உங்களுக்கு மணக்கேல்லையோ?"

அவர் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு சொன்னார். "மணக்கேல்லை. ஒண்டுமே மணக்கேல்லை, சரோ. ஆஸ்பத்திரியால வந்ததில இருந்து."

டொக்டரிடம் ஏற்கெனவே தனியாகப் போய்க் கேட்டிருந்தார். மண்டையில் பட்ட அடியில் மணத்துக்கான நரம்பு அறுந்திருக்கும், திரும்பி வந்தாலும் வரும், வராமல் விட்டாலும் விடும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"கந்தோரில சொன்னியளோ?"

"என்னெண்டு சொல்லுறது? அழகுமுத்து செத்துப்போனான். மயிலம்மா ரெண்டு பிள்ளையளோட தனிச்சுப்போனாள். நான் போய், எனக்கு மூக்கு வேலைசெய்யுதில்லை எண்டு அழுறதோ? கேக்கிறவை காறித் துப்ப மாட்டினமோ?"

சரோஜினிதேவிக்கு ஒரு பதில் வாய் வரையில் வந்தது. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் கண்ணை வைத்தும் நாக்கை வைத்தும் காலத்தை ஓட்டினார். ஊறிய இலையின் நிறம், சாயத்தின் துலக்கம், பல்முரசில் பிடிக்கிற துவர்ப்பு, இவ்வளவும் அவருக்குக் கைவசம் இருந்தன. ருசி பார்க்கிற நீள மேசையில் அவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஹியூபேட் நிற்பான். தகப்பன் வழியில் பறங்கி, தாய் வழியில் தமிழ், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்பதால் இரண்டு பேருக்கும் நடுவில் மரியாதை வார்த்தை கிடையாது. குண்டுக்குப் பிறகு ஹியூபேட்டுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. கரண்டியால் உறிஞ்சித் துப்பியதும், தனக்குத்தானே பேசுகிறவன் மாதிரி ஏதாவது சொல்லுவான்.

"சே, இதில புகை அடிக்குது மச்சான்."

"ஆ, இது நல்லம். ரோசாப்பூ மாதிரி."

வயது போகப் போக இவனுக்கு வாய் கூடுகிறது என்று வரதராசா நினைத்துக்கொண்டார். ஆனாலும் அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் தன் தீர்ப்பையும் சொன்னார். அது களவு என்று சில நேரம் மனம் குத்தும். குத்தினாலும், அடுத்த கோப்பை வந்துவிடும்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் வெள்ளைத் தேயிலை வந்தது. விரியாத மொட்டை மட்டும் விடியற்காலையில் கிள்ளி, உருட்டாமல் வறுக்காமல் வெயிலிலும் நிழலிலும் உலர்த்தி எடுப்பது. மொட்டின் மேல் வெள்ளிப் பூனைமயிர் படிந்திருக்கும். சாயம் என்று பெரிதாக ஒன்றும் இறங்காது, வைக்கோல் நிறத்தில் ஒரு தண்ணீர்தான். அதன் சீவனெல்லாம் பூ மணத்தில் இருக்கிறது. மலைநாட்டுத் தோட்டம் ஒன்று அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முன்னர் இவர்களுடைய கருத்தைக் கேட்டிருந்தது.

ஹியூபேட் அன்றைக்கு வரவில்லை. குறிப்பெடுக்கிற மாக்ரெட்தான் காரணத்தைச் சொன்னாள். "கொட்டாஞ்சேனையில விடியக்காலையில இருந்து ஆமி ரவுண்டப் சேர். ஹியூபேட் சேரையும் ஏத்திக்கொண்டு போயிட்டாங்களாம். வீட்டில வாடகைக்கு இருந்த மட்டக்களப்புப் பொடியனுக்குப் பொலிஸ் பதிவு இல்லையாம்."

வரதராசா திடுக்கிட்டுப்போனார். ஹியூபேட்டின் மனைவி மெற்றில்டாவுக்கு ரெலிபோன் எடுத்துப் பார்த்தார். அவள் கோயில் பாதிரியாரையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். வெள்ளைத் தேயிலையை அடுத்த நாளுக்குத் தள்ளிப்போட்டிருக்கலாம். ஆனால் தள்ளிப்போட ஒரு காரணம் சொல்லவேண்டும், உண்மையான காரணமோ சொல்லக்கூடியதாக இல்லை. மேலங்கியைக் கட்டிக்கொண்டு மேசைக்குப் போனார்.

அந்தத் தோட்டத்து மொட்டை அவர் பல வருடமாக அறிவார். உறிஞ்சினார். நாக்குக்கு மெதுவாக இருந்தது, கசப்பே இல்லை, கடைசியில் ஒரு சின்ன இனிப்பு. போதும் என்று நினைத்தார்.

"எழுதும், மாக்ரெட். முதல் மல்லிகை. பின்னால தேன். மிகச் சுத்தமான மணம்."

மாக்ரெட்டின் பேனை அசையவில்லை.

"என்ன, கேக்கேல்லையோ?"

"சேர்…" அவள் குரலைத் தாழ்த்தினாள். "மண்ணெண்ணெய் நாறுது சேர். பெட்டியைத் திறந்த உடனே எனக்கே அடிச்சது. லொறியில எண்ணெய்க் கானோட வச்சுக் கொண்டுவந்திருப்பாங்க."

வரதராசா கோப்பையைத் திரும்ப எடுத்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். ஆழமாக இழுத்தார். ஆவியின் சூடு மட்டும் உள்ளே போனது. பக்கத்தில் நின்று குறிப்பெடுக்கிற ஒருத்திக்குத் தெரிகிற நாற்றம் தனக்கு முன்னால் இருந்தும் தனக்கு இல்லை.

"ஹியூபேட் சேர் இருந்திருந்தா உங்களுக்குக் கேக்கிற மாதிரிச் சொல்லியிருப்பார்," என்ற மாக்ரெட் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த முணுமுணுப்பெல்லாம் எதற்கு என்று வரதராசாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "உமக்கும் தெரியுமோ?"

அவள் தலையைக் குனிந்தாள். "எல்லாருக்கும் தெரியும் சேர். ஒருத்தரும் கதைக்கிறதில்ல."

அவர் மேலங்கியைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தார். நேரே மனேஜரின் அறைக்குப் போய், இருக்கச் சொன்னபோதும் இருக்காமல், நடந்ததைச் சொன்னார். மனேஜர் நல்ல மனிதர். களஞ்சியப் பக்கத்தில் ஒரு வேலை தருவதாகச் சொன்னார். வரதராசா நன்றி சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். வெள்ளவத்தையில் றெயினை விட்டு இறங்கியபோது கடல் சத்தமாக மட்டுமே வந்தது. காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஐடென்டிற்றிக் கார்ட்டுக்குப் பதிலாக றெயின் சீசன் ரிக்கற்றை எடுத்து நீட்டினார். சிப்பாய் அவரை ஏற இறங்கப் பார்த்து, "மொகத மஹத்தயா, பய வெலாத?" என்று கேட்டான். பயம் ஒன்றும் இல்லை என்று அவரும் சிங்களத்திலேயே சொன்னார்.

ஹியூபேட்டை அன்று பொழுதுபட விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவன் வெள்ளவத்தைக்கு வந்தான். கன்னத்தில் ஒரு பக்கம் வீங்கிக் கறுத்திருந்தது. அதைப் பற்றிக் கேட்க விடாமல், கையிலிருந்த தகர டப்பாவைச் சரோஜினிதேவியிடம் நீட்டினான்.

"அதே தோட்டம்தான் அக்கா. ஆனா இது நல்ல பெட்டி, மண்ணெண்ணெய் படாதது. கண்ணாடிக் கிளாஸ் இருந்தா எடுங்க. தண்ணி கொதிச்ச உடனே ஊத்தக்கூடாது, கொஞ்சம் ஆறவேணும்."

"எனக்கேன்டா இது?" என்றார் வரதராசா. "குருடனுக்குப் படம் காட்டுறியோ?"

"குடிக்கத்தான் கொண்டுவந்தன். பரீட்சைக்கு இல்ல."

"எப்ப இருந்து உனக்குத் தெரியும்?"

"பங்குனியில கந்தோர்ச் சாக்கடைக் கான் அடைச்சுப் பெருகினது ஞாபகமா? எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடினம். நீ மட்டும் ஜம்மெண்டு நிண்டு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தாய்."

மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது. வரதராசாதான் முதலில் நிறுத்தினார். "ஏன் மச்சான் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

கிளாஸில் ஊற்றிய தண்ணீரில் மொட்டுக்கள் முதலில் மிதந்து, ஒவ்வொன்றாக நிமிர்ந்து, பிறகு மெல்ல அடிக்கு இறங்கின. ஹியூபேட் ஒரு கிளாஸை எடுத்து முகர்ந்தான். தொழில் பழக்கத்தில், "பூ. இலேசான தேன். கொஞ்சம் பைன் மரம்," என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். அந்தச் சொற்கள் எல்லாம் வரதராசாவே ஆயிரம் தரம் சொன்னவை. இப்போது அவற்றுக்குள் ஒன்றும் இருக்கவில்லை.

சரோஜினிதேவி பால் விட்டுச் சீனி அள்ளிப்போட்ட தேநீரைத் தவிர வேறொன்றும் குடித்தறியாதவள். கணவர் இத்தனை வருடம் இந்தத் தொழில் செய்தும் ஒருநாளும் அவருடைய கோப்பையை எட்டிப் பார்க்காதவள். இப்போது கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடி நெடுநேரம் முகர்ந்தாள்.

"மல்லிகை எண்டு சொல்லேலாது," என்றாள். "கோயிலுக்கு மாலை கட்டுறனான் எல்லோ. கட்டி முடிச்சு, மாலையைக் குடுத்துவிட்டு வந்து, பிறகு ஏதோ அலுவலா முகத்தைத் துடைக்கேக்க விரலில ஒரு மணம் நிக்குமே. பூ இல்லை, பூ போன பிறகு இருக்கிறது. அப்பிடி ஒரு மணம்."

வரதராசா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிறகு?"

"பிறகு… வெயிலில காய்ஞ்ச வெள்ளைச் சீலையை மடிக்கேக்க வாற மணம். அதுவும் இருக்கு. குடியுங்கோ, ஆறப்போகுது."

அவர் குடித்தார். உறிஞ்சவுமில்லை, துப்பவுமில்லை. வீட்டு மனிதர் குடிக்கிற மாதிரிக் குடித்தார். இளஞ்சூடு தொண்டையில் வழுக்கி இறங்கியது. விழுங்கிக் கொஞ்சம் பொறுத்து, நாக்கின் அடியில் ஒரு இனிப்பு ஊறி வந்தது. மேசைக்கு முன்னால் நின்று துப்பித் துப்பியே காலம் கழித்தவருக்கு, விழுங்கிய பிறகு வருகிற இந்த இனிப்பு புதிதாக இருந்தது.

"நல்லாயிருக்கு," என்றார். "உண்மையா நல்லாயிருக்கு." கிளாஸை வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். "அழகுமுத்து செத்துக்கிடக்க, நான் இந்த மூக்குக்கு அழுறனே, சரோ. வெக்கமாக் கிடக்கு."

சரோஜினிதேவி எழுந்து வந்து அவருடைய தோளில் கையை வைத்தாள். அந்த மத்தியானச் சாப்பாட்டில் விழுங்கிக்கொண்டதை இப்போது சொன்னாள்.

"அழுங்கோ. அவனுக்கும் அழுங்கோ, உங்கட மூக்குக்கும் அழுங்கோ. ஒண்டுக்கு அழுதா மற்றதுக்குக் கண்ணீர் குறைஞ்சு போகாது."

ஹியூபேட் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வரதராசா அழுது ஓய்ந்த பிறகு சரோஜினிதேவி அதே மொட்டுக்குத் திரும்பவும் தண்ணீர் ஊற்றினாள், மூன்று பேரும் குடித்தார்கள். இருட்ட முன்னம் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேரவேண்டும் என்று ஹியூபேட் புறப்பட்டான். இரண்டு வருடத்தில் அவன் மெற்றில்டாவோடு மெல்பேர்னுக்கே போய்விட்டான்.

வரதராசாவுக்கு மணம் திரும்பி வரவில்லை. களஞ்சியத்தில் பெட்டிகளை மேற்பார்த்துக்கொண்டு பென்சன் வரையில் இருந்தார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த கிழமை, மனைவியையும் கூட்டிக்கொண்டு தெமட்டகொடைக்குப் போனார். ரெயில்வே கரையோரம் ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் மயிலம்மா இருந்தாள். இவ்வளவு நாளும் ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. இஞ்சி தட்டிப் போட்டுப் பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

"தேத்தண்ணி எப்புடி இருக்குங்க ஐயா? அவரு ஊத்துற மாதிரி எனக்கு வராது."

வரதராசா ஒரு மிடறு குடித்தார். நன்றாக இருக்கிறது, இஞ்சி மணக்கிறது என்று சொல்லிவிடுவது லேசு. அவர் அப்படிச் சொல்லவில்லை. "உறைப்புத் தெரியுது பிள்ளை. மணம் தெரியேல்லை. அண்டைக்கு அடிபட்டதில இருந்து எனக்கு ஒண்டும் மணக்கிறதில்லை."

மயிலம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப ஒங்களுக்கும் அன்னைக்கே போயிருச்சுங்களா ஐயா," என்றாள்.