கழுத்தில் விடுபட்ட மஞ்சள் கோடு

1

இந்தக் கதைக்காக நான் கண்ணால் பார்த்தது ஒன்றே ஒன்று. 2009 தை மாதம், திருவந்திபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசல். ஏணியில் நின்ற ஒருவர், பேனரில் சிரித்துக்கொண்டிருந்த பெண்மணியின் கழுத்தில் மஞ்சள் பெயிண்டால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்குமுன் பஸ் வந்துவிட்டது. கேட்காததை இப்போது எழுதி நிரப்புகிறேன்.

2

வெண்மதி சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவி. கலர் பிரிண்டில் நான்கு மைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஒன்று இம்மி நகர்ந்தாலும் உருவத்தின் ஓரத்தில் வெள்ளைக் கீறல் தெரியும். அவளுடைய புரோகிராம், அச்சுக்குப் போகுமுன் ஓரங்களைத் தேடிப் பிடித்துப் பக்கத்து நிறத்தைக் கொஞ்சம் பரப்பிவிடும். கீறல் மறைந்துவிடும். மெல்லிய கோடாக இருந்தால் இரண்டு பக்கத்து நிறமும் பரவி அந்தக் கோட்டையே விழுங்கிவிடும்.*

* இது அவளுக்குத் தெரியும். ஆய்வேட்டில் எழுதவில்லை.

கடலூரில் பேனர் கடை வைத்திருக்கும் பக்கிரி, அந்தப் புரோகிராமைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க இடம் கொடுத்தார். கலியமூர்த்தி, அமராவதி தம்பதியின் அறுபதாம் கல்யாண பேனர் அதன் வழியாகத்தான் அச்சுக்குப் போனது. அமராவதியின் கழுத்தில் மெல்லிய மஞ்சள் தாலிக்கயிறு மட்டும் அச்சில் வரவில்லை.

3

வெண்மதி தற்செயலாக மண்டபத்துப் பக்கம் வந்தபோது—

(இல்லை. ஆய்வேட்டில் சேர்க்க, பேனரைப் போட்டோ எடுக்கத்தான் வந்தாள்.)

பேனருக்குக் கீழே அமராவதியின் தம்பி பொன்னுரங்கம் நின்றிருந்தார்.

“எங்க மாமா உள்ள மணையில குந்தியிருக்காரு. அதுக்குள்ள எங்கக்கா கழுத்த மூளியாக்கி வாசல்ல தொங்க உட்டிருக்கியே, நீயெல்லாம் ஒரு ஆளா?”

“பெயிண்டு கொண்டாந்துட்டேன் அண்ணே, ரெண்டே நிமிசம்” என்றார் ஏணியிலிருந்து பக்கிரி.

“வந்தவன் பூரா பாத்தாச்சு. இனிமே இந்த ஊர்ல எவன் உன்கிட்ட பேனர் குடுக்கறான்னு பாக்கறேன்.”

அமராவதி வெளியே வந்தார். “உட்றா தம்பி. இன்னம் செத்த நேரத்துல அவரு புதுசாவே கட்டப் போறாரு.” சிரித்தபடிதான் சொன்னார். கை மட்டும் தாலியை விடவில்லை.

(இங்கே அவரை அழவைத்திருந்தேன். நீக்கிவிட்டேன். அவர் அழுதால் வெண்மதி ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டுவிடுவாள். என் வேலை சுலபமாகிவிடும்.)

4

பக்கிரிக்குக் காரணம் தெரியாது. “மை தெளிக்கிற மிஷின் ஹெட்டு அடைச்சிருக்கும் அண்ணே” என்றவர், கீழே வெண்மதியைப் பார்த்துவிட்டார். “தோ, மேடமே நிக்கறாங்க. இதுலதான் ஆராய்ச்சி பண்றாங்க. சொல்லுங்க மேடம், மிஷின் கோளாறுதான?”

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முதல் முடிவு: “ஆமாங்க” என்கிறாள். பட்டம் வாங்குகிறாள். பின்னாளில் வருந்துகிறாள்.

இன்னொன்று: “என் புரோகிராம்தாங்க” என்கிறாள். அமராவதி அவள் கையைப் பிடித்துப் பந்திக்கு அழைத்துப் போகிறார். (பொன்னுரங்கம் என்ன ஆனார்? அவசரத்தில் மறந்துவிட்டேன்.)

மூன்றாவது: அந்நேரம் மேளம் கொட்டுகிறது. அவள் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. இதை எழுதிவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று டீ குடிக்கப் போனேன். பாதி டீயில் கூசிப்போயிற்று.

மூன்றிலும் அவளைக் காப்பாற்றியிருக்கிறேன். படித்தவள், என்னைப் போலப் பேசுகிறவள் என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. பக்கிரியின் கடை என்னவாகும் என்று ஒரு முடிவிலும் எழுதவில்லை.

மேளத்தை எடுத்துவிட்டேன். வாசலில் சத்தமே இல்லை. பக்கிரி மறுபடி கேட்கிறார்: “சொல்லுங்க மேடம்.”

நீங்கள் சொல்லுங்கள்.