ஒன்பதாவது கையெழுத்து

1. வந்திருந்தோர்

சூரியன்: ஹெப்சிபா, இயற்பியல் ஆசிரியை. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி மைதானம், மூன்று முழ அகலத்தில் விரித்த மஞ்சள் குடையின் கீழ்.
புதன், வெள்ளி, பூமி, செவ்வாய்: கல்லூரி மாணவிகள் நால்வர், அதே மைதானத்தில். (கதையில் இவர்களுக்கு வேலை இல்லை. தர்பூசணி சாப்பிட்டார்கள்.)
வியாழன்: வானியல் வட்டத்தின் செயலாளர் சத்தியநேசன், திருச்செந்தூர் சாலையில் டீக்கடை பெஞ்சு.
சனி: ஸ்டெபி, பெட்ரோல் பங்க் சுவர்.
யுரேனஸ்: ருக்சானா, மர அறுவை மில் வாசல்.
நெப்டியூன்: நூர்முகம்மது, வி.எம். சத்திரம் தாண்டி பஸ் நிழற்குடை.
கையெழுத்து நோட்டைக் கொண்டுபோனவர்: ஜெய்சன், பைக்கில்.
ஒன்பது:

கூட்டக் குறிப்பு என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும். இந்தக் கதையும் கூட்டக் குறிப்பாகத்தான் பிறந்தது. ஒன்பதுக்கு எதிரே பேனா நின்றுவிட்டதால் கதையாகிவிட்டது. குறிப்பில் ‘நான்’ என்ற சொல் வரக் கூடாது என்பது, களக்காட்டுப் பள்ளியில் கடிதம் எழுதப் பழகிய நாள்முதல் செயலாளர் வைத்திருக்கும் ஒழுங்கு. ஆகவே இதை எழுதுகிற ஆளும் இதில் சத்தியநேசன் என்றே வருவார். அவரை முழுதாக நம்பிவிடாதீர்கள்.

2. தொடக்கங்கள்

‘பிரபஞ்சம் எல்லையற்றது.’ (அடிக்கப்பட்டது. எல்லை உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.)

‘அன்று சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி, வெயில்

(இதுவும் நின்றுவிட்டது.)

நூறு கோடி கிலோமீட்டரை ஒரு கிலோமீட்டராகச் சுருக்குங்கள். சூரியன் ஒரு குடை. பூமி நூற்றைம்பது மீட்டர் தள்ளி ஒரு சுண்டைக்காய். நெப்டியூன் நாலரை கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் எலுமிச்சை. ஒளியும் அதே கணக்கில் சுருங்கி, நொடிக்கு ஓர் அடி என்று தவழும். குடையை மடக்கினால் அந்தச் செய்தி நூர்முகம்மதுவுக்குப் போய்ச்சேர நாலு மணி நேரத்துக்கு மேலாகும். நடுவில் ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது. லாரியும் டீக்கடையும் நம் சௌகரியத்துக்காக இருப்பவை.

அடுத்த நட்சத்திரம் எங்கே உட்காரும் என்று ருக்சானா கேட்டார். ஹெப்சிபா குடையைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: “நேரா போய்க்கிட்டே இருக்கணும். உலகத்த ஒரு சுத்து முழுசா சுத்தி, நம்ம முதுகுக்குப் பின்னால வந்து நிக்கணும். அதுக்கு மேலயும் நூறு கிலோமீட்டர் போகணும்.”

யாரும் சிரிக்கவில்லை. நூர்முகம்மது மட்டும் ஒருமுறை முதுகுப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

3. வராதவர்

பெனோ, ஹெப்சிபாவின் கணவர். ஏழு வருடம் மூன்று மாதத்துக்கு முன் பைக்கைச் சாவியோடு ஜங்ஷனில் நிறுத்திவிட்டுக் காணாமல் போனார். அதற்கு முன் வானியல் வட்டம் இந்த விளையாட்டை நான்கு முறை நடத்தியிருந்தது. நான்கு முறையும் ஆறாவது கிலோமீட்டரில், வாய்க்கால் பாலத்தில், ஒன்பதாவது கோள் புளூட்டோவாக உட்கார்ந்தவர் அவர்தான். புளூட்டோவைக் கோள் வரிசையிலிருந்து எடுத்து வருடக்கணக்காகிறதே என்று செயலாளர் சொல்லிப் பார்த்தார். “பேர எடுத்தா என்ன வே, அது சுத்துதத நிறுத்திட்டா?” என்பார் பெனோ.

இப்போது சாயர்புரத்தில் ஒருவர் ஹெப்சிபாவை மணக்கக் காத்திருக்கிறார். கிறிஸ்தவக் கோயிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிக்க வேண்டுமானால், பெனோவை இறந்தவராகக் கருதலாம் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டும். அதற்கு, அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டிய யாரும் ஏழு வருடமாக எதையும் கேள்விப்படவில்லை என்று காட்ட வேண்டும். பெனோ ஒரு கூட்டத்தையும் தவறவிடாத உறுப்பினர் என்பதால், வக்கீல் வானியல் வட்டத்திடமும் அப்படி ஒரு கடிதம் கேட்டிருந்தார். செயலாளர் அதை வெள்ளிக்கிழமையே எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்துவிட்டார்.

மறுநாள்தான் விளையாட்டு.*

*இடைப்பட்ட ஏழு வருடம் இது நடக்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொன்னதுமில்லை. யுரேனஸ் தன் பாதையில் சற்றுத் தடுமாறுவதைப் பார்த்துத்தான், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதை இழுக்கிறது என்று கணக்குப் போட்டு நெப்டியூனைக் கண்டுபிடித்தார்கள்.

4. பிழை

நோட்டில் புதுப் பக்கத்துக்குக் கோடு போடும்போது செயலாளர் பழைய பக்கத்தை அருகில் திறந்து வைத்துக்கொள்வார். ஸ்கேல் பிசகாது. பழைய பக்கத்தில் ஒன்பது கட்டம். புதியதிலும் ஒன்பது விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. [கவனித்தாரா? இந்தக் கேள்வியை அவர் இதுவரை தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.]

நூர்முகம்மதுவும் ஜெய்சனும் பெனோ போன பிறகு சேர்ந்தவர்கள். நெப்டியூனுக்கு எதிரே கையெழுத்துப் போட்ட நூர்முகம்மது, கீழே வெறும் கட்டம் ஒன்று கிடப்பதைக் கண்டு, செயலாளர் சும்மா கோடு போடுகிற ஆளில்லை, இன்னும் யாரோ இருக்கிறார், போய்ப் பாரும் என்று ஜெய்சனை அனுப்பினார். ஜெய்சனும் போனார். வாய்க்கால் பாலத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

நோட்டு டீக்கடைக்குத் திரும்பி வந்தபோது ஒன்பது கட்டத்திலும் கையெழுத்து இருந்தது.

“ஆளு எப்படிடே இருந்தாரு?” என்று கேட்டார் செயலாளர்.

“முகத்துல துண்டச் சுத்தியிருந்தாரு அண்ணாச்சி. வெயிலுக்கு எல்லாரும் சுத்துததுதான? நோட்டுன்னு நான் வாயத் தொறக்கவே இல்ல. அவராக் கைய நீட்டுனாரு.”

“ஏதும் பேசுனாரா?”

“இன்னைக்குச் சூரியன் யாருன்னு கேட்டாரு. ஹெப்சிபா டீச்சருன்னேன். இன்னமும் அவங்கதானான்னாரு.”

(இந்தக் கடைசி வரியை ஜெய்சன் முதல் தடவை சொல்லவில்லை. மூன்றாம் தடவை கேட்டபோதுதான் சொன்னார். கேட்டவரின் முகத்தைப் பார்த்துச் சாட்சி வளர்வது உண்டு. கதையும் அப்படித்தான் வளர்கிறது.)

5. கையெழுத்து

கதையின் முதல் எழுத்துப்படியில் அது தெளிவாக இருந்தது: பெனோ. எழுதிய செயலாளர் அதைத் திரும்ப ஒருமுறை வாசித்தார். அப்படியானால் இது பேய்க்கதை, நீங்களும் நிம்மதியாகப் படித்துவிட்டுத் தூங்கப் போகலாம். அடித்துவிட்டார்.

இரண்டாம் படியில் அது வழிப்போக்கர் ஒருவரின் கிறுக்கல். அப்போது கதையே இல்லை.

மூன்றாவது, உள்ளது உள்ளபடி: ஒரு வளைவு, அதன் கீழ் ஒரு புள்ளி. பழைய பக்கங்களில் பெனோ போட்டதும் ஒரு வளைவுதான். ஆனால் அங்கே புள்ளி இல்லை. ஒத்திருக்கிறது என்றால் பொய். ஒத்துப்போகவில்லை என்றாலும் பொய்.

ஹெப்சிபா அதை எட்டு நிமிடம் இருபது நொடி பார்த்தார் என்று எழுதி, அதையும் செயலாளர் அடித்தார். சூரிய ஒளி பூமிக்கு வர அவ்வளவு நேரமாகும் என்பதற்காக ஒரு பெண் அவ்வளவு நேரம் பார்க்கமாட்டாள். கொஞ்ச நேரம்தான் பார்த்தார். நோட்டைக் கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

6. பாலம்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஹெப்சிபா தனியாக அந்தப் பாலத்துக்குப் போயிருக்கிறார். திங்கள் காலை செயலாளர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். காப்பியைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை.

“அங்கன இருந்து பாத்தேன் அண்ணே. பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்னே தெரியல.”

யாரிடமாவது விசாரித்தாயா என்று செயலாளர் கேட்டார்.

“ஆடு மேய்க்கிற ஒருத்தரு நின்னாரு. சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு ஆளு வந்து இருப்பாருன்னு சொல்லுதாரு. எத்தன வருசமான்னேன். எண்ணலம்மான்னுட்டாரு.”

செயலாளர் வெள்ளிக்கிழமை எழுதிய கடிதம் மேசைமேல் கிடந்தது. ‘இந்நாள்வரை எவ்விதத் தகவலும் இல்லை’ என்ற வரி அவருடைய அழகான கையெழுத்தில் இருந்தது. அது பெனோதான் என்று உனக்குத் தோன்றுகிறதா என்று பையக் கேட்டார்.

“அவருதான்னா,” என்றார் ஹெப்சிபா, “ஏழு வருசமா பஸ்ஸுல பதினஞ்சு நிமிசத் தூரத்துல இருந்திருக்காரு. செத்துப்போனதவிட அதுல்லா மோசம்.”

சனிக்கிழமை வரை பொறுத்து, எல்லோருமாகப் போய்ப் பார்த்துவிடலாம் என்றார் செயலாளர். ஹெப்சிபா தலையை ஆட்டி மறுத்தார். தான் போய் நிற்கும்போது யாராவது இருந்தாலும் பயம், யாரும் இல்லாவிட்டாலும் பயம் என்றார்.

7. முடிவுகள்

(அ) கடிதம் இருந்தபடியே போகிறது. கொஞ்ச நாளில் நீதிமன்றம் உத்தரவிடுகிறது, கோயிலில் ஓலை வாசிக்கிறார்கள். வாசிக்கும்போது கடைசி வரிசையில் துண்டு சுற்றிய ஒருவர்

(வேண்டாம்.)

(ஆ) ஒன்பதாவது கட்டம் உள்ள பக்கமும் கடிதத்தோடு போகிறது. நீதிமன்றம் கேள்வி கேட்கிறது. பாலத்துக்கு ஆள் அனுப்புகிறார்கள். சாயர்புரத்துக்காரர் இன்னும் காத்திருக்கிறார், அல்லது

(இ) செயலாளர் கடிதத்தைக் கிழிக்கிறார். இது அவர் கையில் இருந்த முடிவு. கிழிக்கவில்லை. அது தன் கடிதம் அல்ல என்று அன்று காலை அவருக்குப் பட்டது.

அவர் செய்தது ஒன்றுதான். ‘எவ்விதத் தகவலும் இல்லை’ என்ற வரியை அடித்து, ‘மற்றவை இணைப்பில் காண்க’ என்று எழுதினார். அடியில் ‘இணைப்பு:’ என்று போட்டு, எத்தனை என்ற எண்ணை எழுதாமல் விட்டுவிட்டார். கடிதத்தையும் உறையையும் பசையையும் ஹெப்சிபா முன் தள்ளி வைத்துவிட்டு, எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றார்.

பின்னால் பேனா ஓடியது. அது ஓர் எழுத்துக்கு உண்டான நேரமா, ஒரு வரிக்கு உண்டான நேரமா என்று சொல்ல முடியவில்லை. தாள் கிழிபடும் சத்தம் கேட்டது. ஹெப்சிபா பையில் வைத்திருந்த நோட்டிலிருந்து பக்கம் கிழிந்ததா, கடிதம்தான் கிழிந்ததா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது வருடத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவர் அனுப்பிய உறை இது ஒன்றுதான். உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கென்று கீழே இடம் விட்டிருக்கிறார்.

இணைப்பு:

இருவரும் தபால் நிலையத்துக்கு நடந்தார்கள். ஹெப்சிபா உறையின் வாயை இன்னொரு முறை கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டுக் கவுண்டரில் கொடுத்தார். எடை போட்டார்கள். எத்தனை கிராம் என்று உள்ளே இருந்த பெண் சொல்லத் தொடங்கியபோது, அது காதில் விழாமல் இருக்கச் சத்தியநேசன் வாசல் பக்கம் நகர்ந்துகொண்டார். முத்திரை விழுந்தது. உறை மற்ற உறைகளோடு சாக்குப் பைக்குள் போனது.