தவறவிட்ட பதினோரு புள்ளிகள்

...இதோ திரையில் சிவப்புப் புள்ளி, அழுத்து, பச்சை வந்தால் சும்மா இரு, இவ்வளவுதான் வேலை, இதில் போய்ப் பதினோரு தடவை தவறவிட்டிருக்கிறேனாம், பாட்டில் ஆலையில் பத்தொன்பது வருடமாக விளக்குப் பலகை முன் உட்கார்ந்து, ஓடுகிற பாட்டில்களில் மயிரிழை விரிசலைக்கூட விடாமல் பிடித்து ஒதுக்குகிற நான்! தலையெல்லாம் வயர், பசை காது வரை வழிகிறது, அவர் இருந்திருந்தால் ‘என்னடி, தலையில தேனீ கூடு கட்டிருச்சா’ என்று கேட்டிருப்பார்... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆராய்ச்சிப் பெண், அவளுக்கும் என் பிழைப்புதான், ஓடுகிற கோடுகளில் விரிசல் தேடுவது. இடைவேளையில் சொன்னாள், “நீங்க கோட்டை விடறதுக்குச் சில நொடி முன்னாடியே மூளையோட அலை மாறிடுதும்மா. கண்ணு திறந்திருக்கும், ஆள் அங்க இருக்க மாட்டாங்க. அது உங்க தப்பில்ல.” இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். இதற்காகத்தானே இந்தச் சோதனைக்கு ஆலையில் ஆள் கேட்டதும் முதலில் கை தூக்கினேன்.

அன்றைக்கு மத்தியானம் வேலை விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன், உள்ளறையில் அவர், நெஞ்சு வலித்தால் அடிக்கச் சொல்லி அவர் தலைமாட்டில் நான் வைத்த சின்ன மணி... எழுந்து போனபோது அது தரையில் கிடந்தது, அவர் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. “மணிச் சத்தம் கேக்கலையா அண்ணி?” என்றாள் நாத்தனார். “கேக்கவே இல்லம்மா” என்றேன், நம்பினாள், பாவம், என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், இன்றும் துணைக்கு வந்து வெளியே பெஞ்சில் இருக்கிறாள். அலை மாறியிருக்கும், நான் அங்கே இருந்திருக்க மாட்டேன், போனதும் அவளிடம் சொல்ல வேண்டும்... சிவப்பு, அழுத்து, பச்சை... ஆலையில் யாரையும் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார விடமாட்டார்கள், கண் மரத்துவிடும், மணி அடிக்கும், அடுத்தவள் வந்து உட்காருவாள், நாம் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அது உத்தரவு... டிங்! சோதனை முடிந்துவிட்டது போல. புள்ளிகள் போய்விட்டனவா, தெரியவில்லை, எப்படித் தெரியும், கண் மூடியிருக்கிறது, தோள் தளர்ந்து பின்னால் சாய்ந்திருக்கிறேன், யார் சாயச் சொன்னது? அன்றைக்கும் இப்படித்தான்... உட்கார்ந்திருந்தவளுக்குத் திடீரென்று ஒரு நிம்மதி வந்து, கண்ணை மூடிக்கொண்டேனே, எதைக் கேட்டு மூடினேன்?

“அம்மா, முடிஞ்சிருச்சு, கண்ணைத் திறக்கலாம்.” கேட்கிறது. அன்றைக்கும் கேட்டிருக்கிறது. வெளியே போனால் நாத்தனார் எழுந்து வருவாள், என்ன சொன்னாங்க அண்ணி என்று கேட்பாள்...