பொத்தான் வரும் இடம்

அக்கா போரில் செத்தவர்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். ஊர் ஊராகப் போய் அதைப் பற்றிப் பேசுகிறார். மைக்கும் ஸ்பீக்கரும் என் பொறுப்பு.

பேச்சில் ஓரிடத்தில் அவர் குரல் தானாக இறங்கிவிடும். குண்டு விழுந்த தெருவில், முந்தின நாள் தன் கையால் தைத்துக் கொடுத்த சட்டைப் பொத்தானை வைத்துத் தன் தம்பியின் உடலை அடையாளம் கண்டதைச் சொல்லும் இடம் அது. பின்வரிசைக்கும் கேட்க வேண்டுமே என்று, அந்த வரிக்கு ஒரு மூச்சு முன்பே மைக்கின் ஒலியைக் கூட்டிவிடுவேன். குரல் இறங்க, ஒலி ஏற, இரண்டும் சமமாகிவிடும். நாற்பது கூட்டங்களாக இப்படித்தான்.

இன்று ஒரு நூலக அரங்கில் வழக்கம்போலக் கூட்டினேன். குரல் இறங்கவில்லை. "பொத்தான்" என்ற சொல் இடி மாதிரி விழுந்து, முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அக்கா ஒரு கணம் நின்றார். பிறகு மிச்சத்தைப் பேசி முடித்தார்.

எல்லோரும் போனதும் என் மேசைக்கு வந்தார்.

"என்னப்பா, தூங்கி வழிஞ்சிட்டியா?"

"இல்லக்கா. அந்த இடத்துல உங்க குரல் இறங்கும். அதுக்குத்தான் முன்னாடியே ஏத்துவேன்."

"இன்னைக்கு இறங்கலையா?"

"இல்லக்கா."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். நான் ஒயரைச் சுருட்டி முடித்தேன்.

"அடுத்த ஊர்க்காரங்ககிட்ட வரலைன்னு சொல்லிடு," என்றார். "கொஞ்ச நாள் என் தம்பியை வீட்லயே வச்சுக்கிறேன்."