பத்திரமா வந்துடுவேன்

ஸ்ட்ரெச்சரைத் தூக்கி வந்த நால்வரும் வாசலுக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டார்கள். நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு வாண்டு நின்றிருந்தாள். பத்தொன்பது வயதாகியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. அதை வைத்த அப்பா வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கோம்மா. கனமா இருக்கு," என்றார் முன்னால் பிடித்திருந்தவர்.

"தள்ளிக்கிறேன். அம்மா ஒண்ணே ஒண்ணுக்குப் பதில் சொல்லட்டும்."

கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் வாண்டின் அம்மா பக்கம் திரும்பின. அவள் கணவரின் கால்மாட்டில் நின்றிருந்தாள். என்ன கேள்வி வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியாமலில்லை. காலையிலிருந்து அதற்குப் பிடிகொடுக்காமல்தான் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"நேத்து எட்டு அம்பதுக்கு அப்பா உனக்குப் போன் பண்ணியிருக்கார். அவர் போன்ல பார்த்தேன். அதுல சொன்னாரா?"

வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு எதைச் சொன்னாரா என்று புரியவில்லை. மீதிப் பேருக்கு நன்றாகவே புரிந்தது. அவர்களும் ஏதாவது ஒருநாள் அதே வாசலில் நின்று அதைச் சொன்னவர்கள்தான்.

இந்த வீட்டை விட்டு யார் கிளம்பினாலும் வாசல் மிதியடியில் இரண்டு காலையும் வைத்து, வாண்டின் கண்ணைப் பார்த்து, "பத்திரமா வந்துடுவேன்" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். நடுவில் இருமினால் முதலிலிருந்து. பக்கத்து வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் முதலிலிருந்து. சொல்லாமல் போனவர் திரும்பி வரமாட்டார் என்று வாண்டின் மனதுக்குள் ஒரு பயம் கொக்கி போட்டு உட்கார்ந்திருந்தது. அது அர்த்தமில்லாதது என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய, பயம் அதைக் கேட்டுக்கொண்டால்தானே. ஒருமுறை தண்ணீர் கேன் போட வந்தவர், இனி செத்தாலும் இந்த வீட்டுப் பக்கம் வருவதில்லை என்ற முகத்தோடு, "பத்திரமா வந்துடுவேன்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு இறங்கினார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருடம் சளைக்காமல் சொன்னார். ஒருநாள் பதினோரு தடவை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. எங்கேயோ ஒன்பதாவது மாடியில் மூன்று பேர் லிஃப்டில் மாட்டிக்கொண்டிருக்க, முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்து எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மூவரும் ஆலோசகரிடம் போனார்கள். ஓசிடி, பயத்தால் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய் என்று அந்த அம்மாள் சொன்னார்.

"கேக்கிறது உங்க பொண்ணு இல்ல, அவளோட பயம். நீங்க பதில் சொன்னா அவளுக்குப் பத்து நிமிஷம் நிம்மதி. பயத்துக்கு வயிறு நிறைய சாப்பாடு. மறுநாள் தட்டைத் தூக்கிக்கிட்டு திரும்ப வந்து நிக்கும். திட்டாதீங்க, கெஞ்சாதீங்க. பதில் சொல்லாம பக்கத்துல மட்டும் இருங்க. ஏறின பயம் தானா இறங்கும். இருபது நிமிஷமோ அரை மணியோ ஆகும். இருந்து பாருங்க."

வாண்டும் ஒப்புக்கொண்டாள். லிஃப்டின் மெஷின் ரூமில் தொங்கும் பராமரிப்பு அட்டையைப் போலவே அப்பா ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஓர் அட்டை தயாரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். தேதி, எத்தனை தடவை, கையெழுத்து. முதலில் மூன்று. இரண்டு வாரம் கழித்து இரண்டு. பிறகு ஒன்று. எண்களை எழுதுவது வாண்டின் வேலை. எழுதிய எண் வடிவாக வரவில்லையென்றால் அதன்மேலேயே திரும்பத் திரும்ப எழுதுவாள். இரண்டு இடத்தில் அட்டை கிழிந்து அப்பா டேப் ஒட்டியிருந்தார்.

நேற்று முதல் சுழியம்.

அந்த நாளைக் குறித்தது அம்மாதான். "இன்னும் ஒரு வாரம் ஒண்ணுலயே ஓடட்டுமே," என்று அப்பா கெஞ்சினார். "நீங்க இப்படி இளகி இளகித்தான் ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு," என்று அவள் வாயை அடைத்தாள். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஏழரைக்கே கிளம்ப வேண்டும். நேற்று ஒன்றும் சொல்லாமல் மிதியடியைத் தாண்டி இறங்கிப் போனாள். அவர் பிறகு எப்படிக் கிளம்பினார் என்று அவளுக்குத் தெரியாது. எட்டு ஐம்பதுக்கு அவர் அழைத்தபோது ஒரு பெரியவரின் காதளவுக்குக் கண்ணாடிக் காம்பை வளைத்துக்கொண்டிருந்தாள். துண்டித்துவிட்டாள். பதினொன்றேகாலுக்கு அதே எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. பேசியது வேறு குரல். மெஷின் ரூம் படியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"சொன்னாராம்மா?"

வாண்டின் விரல்நுனிகள் நிலையில் அழுந்தி வெளுத்திருந்தன. நாத்தனார் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக் காதோடு பேசினார்.

"சொன்னார்னு சொல்லித் தொலையேன். என் தம்பியை இப்படி நட்டநடுக் கூடத்துல நிறுத்தி வச்சுக்கிட்டு."

"கொஞ்சம் இருங்க அண்ணி."

"மயானத்துல பன்னெண்டு மணிக்கு நேரம் கொடுத்திருக்காங்க," என்றார் வண்டியோட்டி, படிக்கட்டில் நின்றபடி. "தவறினா நாலு மணிக்குத்தான். அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது."

சொல்லிவிடலாம். சொன்னார், மூணு தடவையும் சொன்னார். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பொய் என்று சொல்ல அவர் எழுந்து வரப்போவதில்லை. கைகள் இறங்கும், வழி கிடைக்கும், பிள்ளையின் முகம் தெளியும். ஆனால் சாயங்காலம்? மூணும் ஒரே மூச்சிலயா சொன்னார்? நடுவுல இருமினாரா? உனக்குச் சரியா கேட்டுச்சா? நாளைக்கும் கேட்பாள், அடுத்த வருஷமும் கேட்பாள். செத்தவரைத் தினம் காலையில் எழுப்பிக் கொண்டுவந்து இந்த வாசலில் நிறுத்த வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் இருந்தது. நேற்றிலிருந்து அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை சொல்ல விட்டிருந்தால். மகளின் பயம் தனக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டதில் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"எனக்குத் தெரியாதுடி," என்றாள். "நான் போனை எடுக்கல. கடையில ஆள் இருந்தாங்க. கட் பண்ணிட்டேன்."

நாத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டார்.

வாண்டு அழவில்லை. மிதியடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அப்பா சொல்லாமத்தான் கிளம்பினார். ரெண்டாவது மாடிவரைக்கும் இறங்கிட்டார். செருப்புச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் திரும்ப ஏறி வந்தார். மூச்சு வாங்குச்சு. 'சொல்லிடட்டுமாடா, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்'னார்."

அடுப்படியில் ஃபிரிட்ஜின் மோட்டார் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது.

"நான் வேண்டாம்னேன். நான்தாம்மா வேண்டாம்னேன். அதனாலயாம்மா?"

அவளுக்கு மகளைக் கட்டிக்கொண்டு இல்லை, இல்லை என்று நூறு தடவை சொல்ல வேண்டும்போல இருந்தது. ஸ்ட்ரெச்சரைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"கேட்டுக்கோ. இதை ஒரே ஒரு தடவதான் சொல்லுவேன். ரத்தக்குழாய்ல அடைப்பு, ரொம்ப நாளாவே இருந்திருக்குன்னு டாக்டர் சொன்னார். அப்பாவுக்கும் தெரியல, நமக்கும் தெரியல. அவ்ளோதான். இன்னும் நூறு தடவ உனக்குக் கேக்கத் தோணும். நான் பதில் சொல்லமாட்டேன். ஆனா இங்கேருந்து நகரவும் மாட்டேன்."

பிறகு தூக்கியவர்களிடம் திரும்பினாள். "கீழ வைங்க. கொஞ்ச நேரம் ஆகும்."

"எவ்ளோ நேரம்?" என்றார் வண்டியோட்டி.

"இருபது நிமிஷம். அரை மணியும் ஆகலாம்."

ஸ்ட்ரெச்சர் தரையில் இறங்கியது. அவள் மிதியடியில், மகளின் காலடியில் உட்கார்ந்தாள். கூடத்துக் கடிகாரத்தில் பதினொன்று ஐந்து.

"அம்மா. அதனாலயா?"

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எவ்ளோ?"

"பத்துக்குப் பத்து."

"சரி. நான் இருக்கேன்."

"இது என்ன பரீட்சையா, மார்க் போட்டுக்கிட்டு?" என்றார் நாத்தனார், யாரையும் பார்க்காமல். "ஒரு வார்த்தை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. பெத்தவளுக்கு இவ்வளவு நெஞ்சழுத்தமா?"

அவள் திரும்பவில்லை. நாத்தனார் சொல்வது தப்பென்று அடித்துச் சொல்ல அவளாலும் முடியாது. ஆலோசகர் மூடிய அறையில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொன்னது அது. கூடத்தில் கணவரைக் கிடத்தி வைத்துவிட்டு எப்படிச் செய்வது என்று அந்த அம்மாள் சொல்லித் தரவில்லை.

பதினொன்று பத்து. அதனாலயாம்மா. பயம் இன்னும் பத்துக்குப் பத்து. பதினொன்று பதினான்கு. அதனாலயா, இதை மட்டும் சொல்லு, இனிமே கேக்கவே மாட்டேன். இனிமே கேக்கவே மாட்டேன் என்பதை அம்மா இரண்டு வருடமாகக் கேட்டிருக்கிறாள். மகளின் கணுக்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவளுக்கே தன்மேல் நம்பிக்கையில்லை.

மணி பதினொன்று இருபதைத் தாண்டியபோது ஸ்பானர் படியேறி வந்தார். அப்பாவோடு பதினேழு வருடம் ஜோடியாக வேலை பார்த்தவர். எந்த வேலைக்கு எதை எடுத்துப் போனாலும் ஸ்பானரை மறந்துவிட்டுப் போவார். அப்பா வைத்த பெயர்தான் அதுவும். கையில் அளவு டேப் இருந்தது.

"லிஃப்ட்ல போகாதும்மா. நாலு அங்குலம் இடிக்குது. படியிலதான் இறக்கணும்."

"அதுக்கு முதல்ல இந்த வாசலைத் தாண்டணுமே," என்றார் நாத்தனார். "அப்பன் சொல்றேன்னு திரும்பி வந்தானாம். மகாராணி வேண்டாம்னாளாம். இப்ப அதுக்குப் பஞ்சாயத்து."

ஸ்பானர் அளவு டேப்பைச் சுருட்டுவதை நிறுத்தினார்.

"அதுவாம்மா நீ வேண்டாம்னது?" என்றார் வாண்டிடம். "நேத்து ஒன்பது மணிக்கு வந்ததிலேருந்து ஒரே பாட்டு. வேணாம்னுட்டாய்யா, என் பொண்ணு வேணாம்னுட்டாய்யான்னு. எதைய்யா வேணாம்னுச்சு, மாப்பிள்ளையையான்னு கேட்டேன். சிரிக்கிறார், சொல்ல மாட்டேங்கிறார். வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன், எடுக்கல, சாயங்காலம் நேர்ல சொல்லிக்கிறேன்னார். அப்புறம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பதினேழு வருஷத்துல முதல் தடவ."

பின்வரிசையில் யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள்.

அந்த அழைப்பை எடுத்திருக்கலாம். பெரியவரின் கண்ணாடி ஒரு நிமிஷம் காத்திருக்கும். அந்தச் சிரிப்பைக் கேட்க அவள் ஒருத்தியைத்தான் அவர் தேடியிருக்கிறார். நேற்றிலிருந்து அழாமல் இருந்தவள் மிதியடியில் உட்கார்ந்தபடியே அழுதாள். கணுக்காலைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை.

"சிரிச்சாரா?" என்று வாண்டு கேட்டாள்.

"சிரிச்சார்மா."

வாண்டின் உதடு மறுபடி குவிந்தது. நிஜமாவே சிரிச்சாரா என்று வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வரவில்லை. உதடு அப்படியே மூடிக்கொண்டது.

"இன்னும் பயமா இருக்கும்மா."

"எவ்ளோ?"

"ஏழு."

"ஏழோட நகர முடியுமா பாரு."

முதலில் இடது கை நிலையை விட்டது. சற்று நேரம் கழித்து வலது கை. வாண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். அம்மா எழுந்து அவள் பக்கத்தில் நின்றாள். கடிகாரத்தில் பதினொன்று முப்பத்திரண்டு.

நால்வரும் குனிந்து தூக்கினார்கள். ஸ்ட்ரெச்சர் மிதியடிக்கு மேலாக வாசலைத் தாண்டியது. தம்பிக்காகத் தானே சொல்லிவிடப் போவதுபோல நாத்தனாரின் வாய் 'பத்திரமா' என்று மெல்ல அசைந்தது. அம்மா கை நீட்டி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். நாத்தனார் அவளை முறைத்தார், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தக் கையைப் பிடித்தபடியே இறங்கினார். ஸ்பானர் முன்னால் போய், மோட்டாரை இறக்கும்போது கொடுக்கும் அதே குரலில் திருப்பங்களைச் சொல்லிக்கொண்டு போனார். "வலது பக்கம் தூக்கு. மெதுவா. இடிக்காதே."

ஒரு மாடி இறங்கியபின் அவள் திரும்பிப் பார்த்தாள். வாண்டு பின்னால் வரவில்லை. நாத்தனாரை முன்னால் போகச் சொல்லிவிட்டு, திரும்ப ஏறினாள்.

கூடம் காலியாக இருந்தது. வாண்டு அடுப்படியில் ஃபிரிட்ஜுக்கு எதிரே நின்றிருந்தாள். கையில் அப்பாவின் பேனா. அம்மா வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. அவளும் கூப்பிடவில்லை, அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள்.

நேற்றைய தேதிக்கு நேரே வாண்டு சுழியம் போட்டாள். அது கோணலாக வந்தது. ஆரம்பித்த இடமும் முடிந்த இடமும் சேரவில்லை. பேனா முனை அந்த இடைவெளிக்குத் திரும்பப் போய், அட்டையில் படாமல் நின்றது.

கீழே, முதல் மாடித் திருப்பத்தில் ஸ்பானரின் குரல் கேட்டது.

வாண்டு பேனாவை மூடினாள்.